பிரிக்கப்படாத நீலச் சட்டைகள்

பிரான்டக் கவுண்டி சிறார் இல்லத்தின் அடித்தளத்தில் பத்தொன்பது வருடம் துணி துவைத்தவர் வெர்னா ஸ்டக்கி. அலுவலகக் கோப்பில் அவரைப் பற்றி இருப்பதெல்லாம், தடை செய்த இடத்தில் புகைபிடித்ததற்காகக் கொடுத்த மூன்று எச்சரிக்கைக் கடிதங்கள்தான். அந்தக் கடிதங்களை எழுதியவர்களுக்கு அதற்கு மேல் எழுத வராது.

இல்லம் என்று சொல்லித்தான் எங்களைப் பழக்கியிருந்தார்கள். உள்ளே இருப்பவர்களைக் கைதி என்று சொன்னால் அரை நாள் பயிற்சி வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். இல்லவாசி என்று சொல்ல வேண்டும். வெளிப்பக்கம் பூட்டு, திறக்காத ஜன்னல், சுவரோடு சேர்த்துக் கட்டிய சிமெண்டுக் கட்டில், இதற்குத் தங்கும் அறை என்று பெயர். நாலு பேர் ஒரு பையன்மேல் ஏறி உட்கார்ந்தால் அது பாதுகாப்பான பிடி. காவல் வேலைக்குச் சேர்ந்த என் பதவிக்கே இளையோர் வளர்ச்சித் துணைவர் என்று பெயர் வைத்திருந்தார்கள். முதல் நாள் சீருடை வாங்கக் கீழே போனபோது வெர்னா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என் நெஞ்சில் குத்தியிருந்த பட்டையை வாசித்தார்.

“யார வளக்கப் போற?”

எனக்கு அப்போது பதில் வராது. இப்போதும் தாமதமாகத்தான் வரும்.

“சாவி எத்தன குடுத்திருக்காங்க?”

“பதினாலு.”

“அப்ப நீ சாவிக்காரன். அத மட்டும் ஞாபகம் வச்சுக்க, தம்பி. மிச்சமெல்லாம் பசை போட்டு ஒட்டுனது.”

அறுபத்தொரு வயது. இந்த வேலைக்கு முன் பதினொரு வருடம் கோழி வெட்டும் ஆலையில் நின்றவர். அதற்கப்புறம் நெடுஞ்சாலை ஓரத்து விடுதி ஒன்றில் படுக்கை விரிப்புகள். இரண்டு கணவர்கள். “ஒருத்தன் குடிச்சான், இன்னொருத்தன் ஜெபம் பண்ணான். ரெண்டு பேரும் ஒரு தட்டக்கூட கழுவல” என்பதற்கு மேல் அவர்களைப் பற்றி அவர் சொன்னதில்லை. சரக்கு இறக்கும் கதவை ஒரு சாண் திறந்து வைத்து, கையை மட்டும் வெளியே நீட்டிப் புகைப்பார். கை கட்டிடத்துக்கு வெளியே இருப்பதால் விதியை மீறவில்லை என்பது அவர் வாதம்.

மேலே நாங்கள் பையன்களை எண்ணாகவும் குற்றமாகவும் தெரிந்துவைத்திருந்தோம். அவருக்குத் துணியாகத் தெரியும். எட்டாம் அறைக்காரன் கழுத்துப் பட்டியைக் கடிக்கிறான், மூன்றாம் அறைக்காரன் கைப்பகுதியை முஷ்டிக்குள் இழுத்துப் பிடித்துக்கொண்டே தூங்குகிறான், புதிதாக வந்தவன் காலுறையைக் கழற்றவே இல்லை என்றெல்லாம் கூடையைக் கொட்டியதும் சொல்லிவிடுவார். படுக்கையை நனைத்தால் பதிவு செய்ய வேண்டும், தாதிக்குச் சொல்ல வேண்டும் என்று விதி. வெர்னா அந்த விரிப்பைத் தனியாக அலசிப் போட்டுவிட்டு, காய்ந்த ஒன்றைத் தலையணை உறைக்குள் மடித்துத் திணித்து அனுப்புவார். பத்தொன்பது வருடத்தில் பிரான்டக் கவுண்டியில் ஒரு பையன்கூடப் படுக்கையை நனைக்கவில்லை என்று மாநிலப் புள்ளிவிவரம் இருக்கும். அதை யாரோ ஒருவர் மாநாட்டில் சாதனையாகக் காட்டியும் இருப்பார்.

இதை வைத்து அவரைத் தாயுள்ளம் என்று நினைத்துவிட வேண்டாம். நல்ல வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. கூடுதல் காலுறை கேட்ட பையனிடம், “உனக்கு எத்தன காலு?” என்பார். பிறகு இரண்டு ஜோடியை அவன் முகத்தைப் பார்த்து எறிவார்.

கண்காணிப்பாளர் மில்ட்டன் ஹாஸ்கெட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. பதினாறு வருடத்துக்கு முன் அவரும் சாவிக்காரராக வந்தவர்தான். மேலே ஏற வேண்டும் என்றால் ஒரு திட்டம் வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாள் மாநாடு ஒன்றுக்குப் போய்விட்டுத் திட்டத்தோடு திரும்பினார். வந்தவனுக்குச் சாம்பல் நிறச் சட்டை. ஒழுங்காக இருந்தால் பச்சை. மேலும் ஒழுங்காக இருந்தால் நீலம். நீலத்துக்கு வாரம் இரண்டு தொலைபேசி அழைப்பு, பொதுக்கூடத்தில் இரவு ஒன்பது வரை இருக்கலாம், துடைப்பத்தைக் கையில் வாங்கலாம். துடைப்பம் பிடிப்பது வெகுமதி என்று நினைக்கிற ஊர் உலகத்தில் வேறு எங்கும் உண்டா என்று எனக்குத் தெரியாது.

ஒழுங்கை அளக்க மணிக்கு ஒருமுறை மதிப்பெண் போட வேண்டும். மரியாதையான குரல், மரியாதையான பார்வை, மரியாதையான உடல் என்று மூன்று பத்திகள். மூன்றாவது பத்திக்கு என்ன பொருள் என்று பயிற்சியில் ஒருவர் கேட்டார். “பாத்தா தெரியும்” என்றார் ஹாஸ்கெட். நிஜமாகவே பார்த்தால் தெரிந்தது. ஐந்தடி நாலங்குலம் இருக்கிற டக் பெர்ரின் பகல் முறையில் மூத்த காவலாள். ஒல்லிப் பையன் நாற்காலியிலிருந்து எழுந்தால் அது எழுந்தது. பெரிய பையன் எழுந்தால் டக்கின் கை இடுப்பு ரேடியோவுக்குப் போகும். மரியாதையான உடலில் பூஜ்யம் விழும்.

லாமோன்ட் பெக் ஏப்ரல் கடைசியில் வந்தான். வயது பதினைந்து. ஆறடி இரண்டங்குலம், அகலமும் அதற்குத் தகுந்தபடி. மாற்றாந்தந்தையின் வண்டியைச் சொல்லாமல் எடுத்து, ஊர்த் தானியக் கிடங்கின் சுவரில் கொண்டுபோய் முட்டியிருந்தான். மாற்றாந்தந்தை புகார் கொடுத்தார். அம்மா அவர் பக்கம் நின்றாள். பத்தொன்பது நாள் கழித்து விசாரணை. பத்து மைல் தள்ளி இருந்த அவன் சித்தி ரூத் ஆன் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் இருநூறு மைலுக்கு அப்பால் இருக்கும் மாநிலப் பள்ளிக்குப் பதினெட்டு வயது வரை. இரண்டில் எது என்பதை நீதிபதி எங்கள் இல்லத்தின் அறிக்கையைப் பார்த்துத்தான் சொல்வார். அவனுக்கு அது தெரியும். வந்த அன்றே கேட்டான்.

“சார், அறிக்கைல என்ன எழுதுவீங்க?”

“நீ என்ன செய்றியோ அத” என்றேன். அது பொய் என்று எனக்கே தெரிந்தது.

அவனை மூன்றாம் நாள் துணி மாற்றக் கீழே கூட்டிக்கொண்டு போனேன். அவன் அளவில் சாம்பல் சட்டை இரண்டுதான் இருந்தது. ஒன்று மார்ச் மாதத்தில் பாதுகாப்பான பிடி ஒன்றில் தோளோடு கிழிந்துவிட்டது. மற்றதை அவன் போட்டுக்கொண்டு வந்திருந்தான். மதியச் சாப்பாட்டில் எவனோ தக்காளிக் குழம்பைக் கவிழ்த்திருந்தான். ஒரு இயந்திரம் கவுண்டி அங்கீகாரம் பெற்ற பழுதுக்காரருக்காக ஆறு நாளாகக் காத்திருந்தது. இன்னொன்றில் விரிப்புகள் சுழன்றுகொண்டிருந்தன.

வெர்னா அலமாரியின் மேல்தட்டிலிருந்து கண்ணாடிக் காகிதம் சுற்றிய கட்டு ஒன்றை இறக்கினார். மூன்று எக்ஸ் அளவில் ஐந்து நீலச் சட்டைகள். கட்டைப் பிரித்தபோது கடையின் மடிப்பு அப்படியே இருந்தது.

“நாளைக்கு மாத்திடறேன். இன்னிக்கு இத போடு.”

“இது நீலம், மிஸ் வெர்னா” என்றான் லாமோன்ட்.

“கண்ணு நல்லாத்தான் தெரியுது உனக்கு. அப்பறம் எப்படி கிடங்குச் சுவரு தெரியாமப் போச்சு?”

அவன் சிரித்தான். வந்து மூன்று நாளில் முதல் தடவை. வெளியீட்டுப் புத்தகத்தில் தேதி, அளவு, நிறம் எழுதி, தானும் கையெழுத்துப் போட்டு அவனிடமும் வாங்கிக்கொண்டார். அந்தப் புத்தகத்தில் அவர் எதையும் விட்டதில்லை. கோழி ஆலைப் பழக்கம்.

மறுநாள் காலை டக் பெர்ரின் வந்தார். பொதுக்கூடத்தில் லாமோன்டைப் பார்த்தார். அதாவது சட்டையைப் பார்த்தார்.

“என்ன தலைவா, தூக்கமெல்லாம் நல்லா வந்துச்சா? இந்தா, தொடப்பம் புடி.”

முந்தின நாள் இதே டக், இதே பையனைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லியிருந்தார். லாமோன்ட் துடைப்பத்தையும் டக்கையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் சாவிக்கொத்தைப் பார்த்தேன்.

மதியம் கீழே போய் வெர்னாவிடம் சொன்னேன். கதவிடுக்கில் கையை நீட்டிக்கொண்டு, தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். சாம்பல் சட்டை துவைத்து மடித்து மேசைமேல் இருந்தது.

“மாத்திடலாமா?” என்றேன்.

“இருக்கட்டும். எவனாவது மூஞ்சியப் பாக்கறானான்னு பாப்போம். ஒரு நாள்ல கண்டுபிடிச்சிருவானுங்க.”

“கண்டுபிடிச்சா?”

“நான்தான் குடுத்தேன்னு சொல்லிட்டுப் போறேன். என்ன, நாலாவது கடுதாசி எழுதுவான் மில்ட்டன்.”

ஒரு நாளில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு வாரத்திலும் இல்லை. லாமோன்ட் அழுக்குச் சட்டையைக் கூடையில் போட்டுவிட்டு இன்னொரு நீலத்தைக் கேட்டான். வெர்னா கொடுத்தார், புத்தகத்தில் எழுதினார். டக் மணிக்கு மணி முழு மதிப்பெண் போட்டார், மரியாதையான உடலுக்கும் சேர்த்து. அதே உடல். லாமோன்ட் நாற்காலியிலிருந்து எழும்போது இப்போது டக், “மெதுவா, கூரை இடிக்கப் போவுது” என்று கேலி பேசினார். சமையலறையில் தட்டு அடுக்க அவனை விட்டார்கள். வாரம் இரண்டு முறை சித்தியோடு பேசினான். பேச்சு முழுக்க சித்தி வீட்டு நாய் என்ன சாப்பிட்டது என்பதுதான். பள்ளி வகுப்பில் ஆசிரியை அவனுக்குப் பின்வரிசையிலிருந்து முன்வரிசை கொடுத்தார்.

மாவட்டம் மாதிரியான எங்கள் கவுண்டியை நிர்வாகம் செய்கிற ஆணையர்கள் மூவர் பார்வையிட வந்த அன்று ஹாஸ்கெட் அவனைக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டார். எட்டவில்லை, முதுகில் வைத்துக்கொண்டார்.

“இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குத்தான் நம்ம திட்டம்” என்றார். “வரும்போது எப்படி வந்தான் தெரியுமா?”

ஹாஸ்கெட்டுக்கும் தெரியாது. ஆணையர்களும் கேட்கவில்லை. சிறுவர்களின் முகத்தைப் படமெடுக்கக் கூடாது என்பதால் அவன் முதுகைப் படமெடுத்தார்கள். கவுண்டியின் காலாண்டு மடலில் முதல் பக்கத்தில் அது வந்தது. ஒரு பக்கம் நிறைய நீலம்.

வெர்னா அந்த மடலைத் துணி மேசைமேல் ஒட்டிவைத்தார். வந்துபோகிற எங்களுக்கெல்லாம் காட்டினார். அந்த நாட்களில் அவரளவு சந்தோஷமாக யாரும் அந்தக் கட்டிடத்தில் இல்லை. எனக்கும் உள்ளூர இனித்தது. அவன் விசாரணைத் தேதி எங்கள் இரண்டு பேர் தலையிலும் இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

விசாரணைக்கு இரண்டு நாள் முன், செவ்வாய்க்கிழமை, அறிக்கை அச்சடிக்கப் போன ஹாஸ்கெட்டின் கணினி சிவப்பு எச்சரிக்கை காட்டியது. லாமோன்ட் பெக், நிலை சாம்பல், மதிப்பெண் முழுசு. திட்டம் தொடங்கிய பதினொரு வருடத்தில் சாம்பல் சட்டை ஒன்று முழு மதிப்பெண் வாங்கியதில்லை என்பதால், இயந்திரம் இதைத் தட்டச்சுப் பிழை என்று எடுத்துக்கொண்டது. அந்தக் கட்டிடத்திலேயே ஒழுங்காக யோசித்தது அதுதான்.

ஹாஸ்கெட் இறங்கி வந்து பொதுக்கூடத்தில் எட்டிப் பார்த்தார். நீலச் சட்டை தட்டு துடைத்துக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். டக் பெர்ரின் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். பின்னால் இரண்டு பேர்.

“தட்டக் கீழ வை. ரெண்டு கையும் எனக்குத் தெரியணும்.”

“மிஸ்டர் பெர்ரின், காலைல நீங்கதான தொடப்பம் குடுத்தீங்க?”

“அது காலைல.”

எல்லோர் எதிரிலும் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். லாமோன்ட் கழற்றினான். அதை மேசைமேல் விரித்து, கைகளை உள்ளே மடக்கி, கடையில் மடிப்பதுபோல் மடித்து டக்கிடம் நீட்டினான். அவன் கத்துவான் என்று நினைத்து வந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டக் அந்தச் சட்டையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஆதாரம் என்று எழுதி ஒட்டினார்.

கணினியில் ஒருவனைக் கீழிறக்கக் காரணம் தேர்ந்தெடுக்க வேண்டும். பதினொரு காரணங்கள் உண்டு: சண்டை, மிரட்டல், கீழ்ப்படியாமை, சேதம், தப்ப முயற்சி இப்படி. 'எங்கள் தவறு' என்று ஒன்று கிடையாது. ஹாஸ்கெட் ஏழாவதைத் தேர்ந்தெடுத்தார். அனுமதியற்ற பொருளை வைத்திருத்தல். விவரம் எழுதும் கட்டத்தில்: சட்டை, நீலம், ஒன்று. கீழே தன் கருத்தாக, ஊழியர்களைத் திட்டமிட்டு ஏமாற்றும் இயல்புடையவன், கட்டுப்பாடு மிகுந்த சூழல் தேவை என்று சேர்த்தார். இதற்குப் பொருள் மாநிலப் பள்ளி என்பதை நீதிமன்றத்தில் எல்லோரும் அறிவார்கள்.

அன்று மாலையே வெர்னாவைக் கூப்பிட்டார். என்னையும் கூப்பிட்டார், சாட்சிக்கு. என்னைப்போல் பேசாதவன் நல்ல சாட்சி என்று நினைத்திருப்பார்.

“உக்காருங்க வெர்னா. ஒண்ணும் பெருசா இல்ல. இந்தத் தாள்ல ஒரு கையெழுத்து.”

வெர்னா உட்காரவில்லை. கண்ணாடியை இறக்கி வாசித்தார். சலவை அறையில் ஆள் இல்லாத நேரத்தில் அந்தச் சட்டை எடுக்கப்பட்டிருக்கலாம் என்று தாள் சொன்னது.

“எடுக்கப்பட்டிருக்கலாம்” என்று அவர் திருப்பிச் சொன்னார். “யாரு எடுத்தா? சட்டையே நடந்து போச்சா, மில்ட்டன்?”

“நீங்க குடுத்தீங்கன்னு தெரியும். அத நான் கேக்கவே இல்ல. உங்கள காப்பாத்தத்தான் பாக்கறேன்.”

“என்னையா?”

“மூணு கடிதம் இருக்கு. இது விசாரணைக்குப் போனா வேல போகும். கையெழுத்து போட்டா இத்தோட முடிஞ்சுது.”

“அந்தப் பையனுக்கு?”

“அவன் பாதுகாப்பான எடத்துக்குப் போவான். நல்ல பள்ளிக்கூடம், உடற்பயிற்சிக் கூடமெல்லாம் இருக்கு.”

“உன் மவன சேத்திருக்கியா அங்க?”

ஹாஸ்கெட்டின் கழுத்து சிவந்தது. “ரெண்டு வாரமா நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க. ஒரு வார்த்த சொல்லிருந்தா இந்த நெலம வந்திருக்காது. அந்தப் பையன இந்த எடத்துல கொண்டுவந்து நிறுத்துனது நான் இல்ல, வெர்னா.”

ஹாஸ்கெட் வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மை அதுதான் என்று நினைக்கிறேன். அதை எப்போது சொல்ல வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார். வெர்னா தாளை மேசைமேல் வைத்தார். கையெழுத்துப் போடவில்லை, கிழிக்கவும் இல்லை. படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார்.

“மில்ட்டன் சொன்னது சரிதான். சிரிச்சுக்கிட்டு இருந்தேன். நீயும்தான் இருந்த.”

“ஆமா.”

“வாயத் தொறந்து பேச வேற வருது உனக்கு.”

நீதிமன்றம் எங்கள் கட்டிடத்தின் மறுகோடிதான். நடைபாதை ஒன்று போகும். வியாழக்கிழமை காலை லாமோன்டுக்கு இடுப்புச் சங்கிலி மாட்டி நான்தான் கூட்டிப்போனேன். சாம்பல் சட்டை, ஒரு அளவு சிறியது. கிழிந்ததைத் தைக்கவில்லை, மற்றது எங்கோ போய்விட்டது. கைப்பகுதி முழங்கைக்கு மேல் ஏறிக்கொண்டது. அந்தச் சட்டையில் பார்த்தால் யாருக்கும் அவன் யாரையோ அடித்துவிட்டு வந்தவன் போலத்தான் தெரிவான். நடைபாதையில் சித்தி ரூத் ஆன் உட்கார்ந்திருந்தார். மருத்துவமனைச் சமையலறைச் சீருடையில், வேலையிலிருந்து நேராக.

“நிமிந்து நில்லுடா” என்றார்.

“நிமிந்தா திட்டுவாங்க, சித்தி.”

வெர்னா அங்கே இருந்தார். சலவை வண்டியோடு. வண்டியில் அவருடைய வெளியீட்டுப் புத்தகங்களும் கண்ணாடிக் காகிதக் கட்டும். லாமோன்டுக்கு அரசு கொடுத்த வக்கீல் அன்று காலை ஒன்பது வழக்குகளைக் கையில் வைத்திருந்த பெண். வெர்னா அவரை வழிமறித்து, “அந்தச் சட்டைய குடுத்தவ நான். என்னக் கூப்புடு” என்றதும், வக்கீல் ஒன்பதாவது கோப்பை முதன்முறையாகத் திறந்தார் என்று எனக்குத் தோன்றியது.

நீதிபதி ரைட்னார் எங்கள் இல்லத்துப் பிள்ளைகளைப் பன்னிரண்டு வருடமாகப் பார்த்து அனுப்புகிற பெண்மணி. கவுண்டி வக்கீல் அறிக்கையை வாசித்தார். ஹாஸ்கெட் கழுத்துப்பட்டையோடு முன்வரிசையில். வெர்னா சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்தார்.

“அவன் எடுக்கல. நான் குடுத்தேன். புத்தகத்துல இருக்கு, தேதியும் கையெழுத்தும்.”

“தவறுதலா குடுத்தீங்களா?” என்றார் நீதிபதி.

“மொத நாள் வேற சட்ட இல்லாம குடுத்தேன். ரெண்டாவது நாள்லேர்ந்து வேணும்னே மாத்தல.”

“ஏன்?”

“யாராச்சும் கவனிக்கிறாங்களான்னு பாக்க.”

“ஒரு பையனோட வழக்க வெச்சா?”

வெர்னா கண்ணாடியை மேலே ஏற்றினார். “ஆமாம்மா. அது என் தப்பு. அவனோடது இல்ல.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“இந்த அளவுல அஞ்சு நீலம் வாங்கி பதினோரு வருஷம் ஆச்சு. அவன் ரெண்டு போட்டான். மூணு இன்னும் பிரிக்கல. இந்த அளவுப் பையன்க நாப்பத்தி மூணு பேரு வந்திருக்காங்க. பேரு வேணும்னா படிக்கிறேன். ஒருத்தன்கூட நீலத்துக்கு வரல.”

“ஒருவேள அவங்க ஒழுங்கா இல்லாம இருந்திருக்கலாம்” என்றார் கவுண்டி வக்கீல்.

“இருந்திருக்கலாம். கோழி ஆலைல பதினோரு வருஷம் இருந்தேன். பெரிய கோழியெல்லாம் கெட்ட கோழின்னு அங்ககூட யாரும் சொல்லல.”

“கோழி வேண்டாம்” என்றார் நீதிபதி.

“சரிம்மா. ஆனா அந்த அறிக்கையில நெறத்தப் பாத்துதான் நீங்க அவங்கள அனுப்புனீங்க. இவன விட்டா நாப்பத்தி ரெண்டு பேருல முப்பத்தி ஒரு பேர. அவங்க சொந்தத் துணிய மாநிலப் பள்ளிக்குக் கட்டி அனுப்புனதும் நான்தான். அதுவும் எழுதி வெச்சிருக்கேன்.”

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். “உங்கள இங்க பேசச் சொன்னது ஒரு சட்டையப் பத்தி. இறங்குங்க.”

வெர்னா இறங்கினார். அவர் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார் என்று நினைத்தேன். ரூத் ஆனும் அப்படித்தான் நினைத்திருப்பார், கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நீதிபதி அறிக்கையை முன்னும் பின்னும் திருப்பினார். பிறகு என்னைப் பார்த்தார், சங்கிலியின் மறுமுனையில் நின்றுகொண்டிருந்தவனை.

“நீங்க இவன் கூட எத்தன நாள் இருந்தீங்க?”

“பத்தொன்பது நாளும்மா. பகல் முறை.”

“நீலச் சட்டையில எப்படி இருந்தான்?”

ஹாஸ்கெட் திரும்பி என்னைப் பார்த்தார்.

“சாம்பல்ல இருந்த மாதிரியேதான். அவன் மாறல. நாங்க மாறுனோம். நான் பாத்துக்கிட்டு சும்மா இருந்தேன்.”

நீதிபதி லாமோன்டிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். சுவரில் முட்டியதற்கு மன்னிப்புக் கேட்டான். கிடங்குக்காரரிடம் நேரில் கேட்க வேண்டும் என்றான். நீதிபதி சித்தி வீட்டுக்கு அனுப்பினார். கணுக்காலில் கண்காணிப்புப் பட்டை, பள்ளிக்கூடம் தவிர வெளியே போகக் கூடாது, கோடை முழுக்கச் சனிக்கிழமைகளில் கிடங்கில் வேலை. இனி இந்த நீதிமன்றத்துக்கு வரும் அறிக்கையில் சட்டையின் நிறம் எழுதக் கூடாது என்றும் சொன்னார். முப்பத்தொரு பேரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போய்விட்டார்.

ஹாஸ்கெட் உத்தரவை எழுத்து மாறாமல் நிறைவேற்றினார். அடுத்த மாதத்திலிருந்து நிலை ஒன்று, நிலை இரண்டு, நிலை மூன்று என்று சட்டை முதுகில் எண் அச்சடித்தார்கள். நிறம்தானே கூடாது என்றார்கள். சலவை வேலையை வெளிநிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தார்கள். வெர்னாவின் பதவி தேவையற்றது என்று கண்டறியப்பட்டது. யாரும் அவரை வேலையை விட்டுத் தூக்கவில்லை. அந்த ஊரில் யாரும் யாரையும் எதுவும் செய்வதில்லை, எல்லாம் கண்டறியப்படும்.

ஆனால் அந்த வியாழக்கிழமை மதியம் அவர் இன்னும் மேசைக்குப் பின்னால்தான் இருந்தார். லாமோன்ட் வந்த அன்று போட்டிருந்த துணியைக் காகிதப் பையில் எடுத்துவைத்திருந்தார். அவன் மாற்றிக்கொண்டு வந்து புத்தகத்தில் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டுப் பேனாவைக் கொடுக்காமல் நின்றான்.

“கோர்ட்ல சொன்னது நெஜமா? வேணும்னேதான் மாத்தாம விட்டீங்களா?”

“ஆமா.”

“நான் நெஜமாவே நீலம் வாங்கிட்டேன்னு நெனச்சேன். மூணாவது நாளே குடுத்துட்டாங்கன்னு சித்திகிட்ட சொன்னேன்.”

வெர்னா காலியான காகிதப் பையை மடித்தார்.

“நீங்க கீழ ஒக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க.”

“ஒன்னப் பாத்து இல்ல.”

“எனக்கு எப்படித் தெரியும், அது?”

அவர் இரண்டு கையையும் மேசைமேல் வைத்தார். சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த கைகள். எதையாவது எறிவார் என்று எதிர்பார்த்தேன். காலுறை, ஒரு கேலி, எதையாவது. ஒன்றும் வரவில்லை.

“தெரியாது” என்றார் கடைசியில். “தெரிஞ்சிருக்க வழியே இல்ல. நான் செஞ்சது தப்பு, லாமோன்ட்.”

பத்தொன்பது நாளில் அவர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அப்போதுதான். அவனுக்கு அது போதவில்லை. போத வேண்டிய அவசியமும் இல்லை. பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, மேலே ரூத் ஆன் காத்திருந்த கதவைப் பார்த்துப் படியேறினான். கதவைத் திறக்க நான் பின்னால் ஓடினேன். பதினாலு சாவியில் எது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் இருவரும் நிற்க வேண்டியிருந்தது.